படகு வேகம் பிடிக்கவில்லையா? எஞ்சினைக் குறை சொல்லும் முன்

சின்னப் படகு மந்தமாகப் போனால், 'இன்னும் பெரிய எஞ்சின் போட்டுப் பார்ப்போமா?' என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பதினைந்து, பதினாறு அடி ஃபைபர் படகு, பின்னால் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பலகைக்கு வெளியே மாட்டும் எஞ்சின்) என்றால், சக்தி போதாமல்தான் வேகம் குறைகிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எஞ்சின் மாட்டியிருக்கும் உயரம், அதன் சாய்வு, புரொப்பெல்லர், ஏற்றிய சுமை ஆகியவற்றில் ஏதோ ஒன்று வேகத்தைத் தின்றுகொண்டிருக்கலாம். (வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் நீளமான ஃபைபர் வள்ளங்களின் கணக்கு வேறு. அவற்றுக்குச் சுமையை இழுக்கும் சக்திதான் முக்கியம்.)

எதையும் அளக்காமல் ஸ்பேனரை எடுப்பது முதல் தவறு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும், பிளக் ஒயரில் சுற்றிவிடும் சின்ன ஆர்.பி.எம். மீட்டரும் கைபேசியின் ஜி.பி.எஸ்.ஸும் போதும். வழக்கமான ஆட்களோடும் சாமான்களோடும் முழு ஆக்ஸிலேட்டரில் எதிரெதிர்த் திசைகளில் ஒவ்வொரு முறை ஓட்டி, சராசரி எடுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் காற்றும் நீரோட்டமும் ஏமாற்றிவிடும். அப்புறம், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்ஸிலேட்டர் பிடியை முழுக்கத் திருகச் சொல்லி, கார்புரேட்டரின் வால்வு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்து முக்கால் திறப்பிலேயே ஓடும் எஞ்சின்கள் நிறைய.

அதிகம் பேர் கோட்டை விடுவது உயரத்தில்தான். அவுட்போர்டின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்ற அளவுகளில் வரும். படகின் பின்பலகை உயரத்துக்கு ஏற்றதை வாங்க வேண்டும். கிடைத்த விலைக்கு நீளக்காலை வாங்கி, தாழ்ந்த பலகையில் மாட்டினால் கூடுதல் நீளம் முழுவதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டே வரும். பின்னால் நீர் சீறும், திருப்புபிடி கனக்கும். சரிபார்க்கப் படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தோடு ஒட்டி நேரான சட்டம் ஒன்றைப் பின்னோக்கி நீட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் தகடு அந்தச் சட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் வரை மேலேயோ இருந்தால் நல்லது. தாழ்ந்திருந்தால் அடியில் கட்டை வைத்து அரை அரை அங்குலமாக உயர்த்தலாம். வளைவில் எஞ்சின் திடீரென வீறிட்டு, படகு மட்டும் தொய்ந்தால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறது, உயரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். குளிர்விக்கும் நீர் பீய்ச்சுவது நிற்காமல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். கட்டை வைத்த பிறகு கிளாம்பு திருகுகளுக்குப் பலகையில் போதிய பிடி இருக்க வேண்டும்; எஞ்சினைப் படகோடு சங்கிலியால் கட்டுவதும் அவசியம்.

சாய்வுக்கு, தாங்கியில் உள்ள துளைகளில் ஊசியை மாற்றி மாற்றிப் பாருங்கள். எஞ்சின் கால் உள்ளே அதிகம் இழுத்திருந்தால் அணியம் (படகின் முன்முனை) தண்ணீரைக் குத்தும். வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வெளியே வீசும். இது ஆபத்து. வெளியே அதிகம் தள்ளினால் முன்பக்கம் தவளைபோல் துள்ளத் தொடங்கும். வேகத்தில் ஓடும்போது புரொப்பெல்லருக்கு மேலுள்ள அந்தத் தகடு நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கும் துளையே சரியானது.

அப்படியும் அணியம் வானத்தைப் பார்க்கிறதா? ஓட்டுபவர், பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம் எல்லாம் பின்னால் குவிந்திருக்கும். நீளமான ஹோஸ் போட்டு டேங்கை முன்னே தள்ளுங்கள், திருப்புபிடிக்கு நீட்டுக்கழி போட்டு நீங்களும் முன்னே வாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எஞ்சின் காலில் ரெக்கை மாட்டுவது எனக்குப் பிடித்தமில்லை. படகு எழுந்து நீர்மேல் வழுக்கி ஓடுவதற்கு அது உதவும், ஆனால் உச்ச வேகத்தில் அதுவே ஒரு தடை. தரையடியில் தண்ணீர் ஊறிய ஃபோம் இருந்தால் எத்தனை கிலோவைச் சும்மா சுமக்கிறீர்களோ!

புரொப்பெல்லரில் பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்பது பாதி உண்மை. பிட்ச் என்பது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி முன்னேறும் தூரம். 5,500 ஆர்.பி.எம்., 2.08 கியர் விகிதம் (எஞ்சின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று), 10 அங்குல பிட்ச் என்றால் மணிக்குச் சுமார் 40 கி.மீ. வரும், தண்ணீரில் வழுக்கல் போக 32, 34 கிடைத்தால் நல்லது. பிட்ச் ஓர் அங்குலம் கூட்டினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். இறங்கும். கையேட்டில் முழு ஆக்ஸிலேட்டருக்கு 5,000–6,000 என்று இருக்க, 10 பிட்ச்சிலேயே உங்கள் எஞ்சின் 5,200-இல் திணறினால், 12 பிட்ச் அதை 5,000-க்குக் கீழே அழுத்தும். அதற்கு பிட்ச்சைக் குறைப்பதே மருந்து. 6,000-ஐத் தாண்டி ஓடினால் மட்டும் கூட்டுங்கள்.

ஆர்.பி.எம். ஏறியும் படகு நகராவிட்டால், நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். புரொப்பெல்லரின் உள்குழாயிலிருந்து வெளி உடல்வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கழற்றும்போது அச்சில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அது அறுத்துவிடும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

அடிப்பாகத்துப் பாசியையும் சிப்பியையும் சுரண்டுங்கள்; அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் ஓட்டத்தில் பாதி வேகத்தில் வளைத்துப் பழகுங்கள், லைஃப் ஜாக்கெட்டோடும், எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு மணிக்கட்டில் மாட்டியபடியும்.