பழைய ஹை பிரஷர் ஸ்டீல் ஸ்கூபா சிலிண்டர் வாங்கும் முன்: தோளைப் படியுங்கள், உள்ளே பாருங்கள்

நீருக்கடியில் மூச்சுவிட ஸ்கூபா டைவர்கள் முதுகில் சுமக்கும் அலுமினியம் 80 சிலிண்டரில் (எண் என்பது கொள்ளும் காற்றின் அளவு, ஏறத்தாழ கன அடியில்) காற்று தீரத் தீர அது மேலே மிதக்கப் பார்க்கும். அதை அடக்க இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். ஹை பிரஷர் ஸ்டீல் 100 காலியாகும் நிலையிலும் மூழ்கியே இருப்பதால் இரண்டு மூன்று கிலோ ஈயம் குறையும். நன்றாகப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும் என்பதால், பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். அமெரிக்க முத்திரையுள்ள சிலிண்டரை எப்படிச் சோதிப்பது என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: தோளைப் படியுங்கள்

கழுத்துக்குக் கீழே வளைந்திருக்கும் பகுதிதான் தோள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முத்திரைகள் தெளிவாகத் தெரியும். 'டி.ஓ.டி.' (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்ற எழுத்துகளை அடுத்து அனுமதி எண்ணும், 3442 அல்லது 3500 என்ற அழுத்தமும் (பிஎஸ்ஐ அளவில்) இருக்கும். பிறகு வருவது ஹைட்ரோ சோதனையின் (நீர் நிரப்பி உயர் அழுத்தத்தில் வலிமையைப் பார்க்கும் சோதனை) தேதி: ஒரு பக்கம் மாதம், மறுபக்கம் ஆண்டு, நடுவே சோதனைக் கூடத்தின் அடையாள எண். இந்தச் சோதனையை 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். அனுமதி எண்ணின் மீதும் அழுத்தத்தின் மீதும் வரிசையாக எக்ஸ் குறிகள் அடிக்கப்பட்டிருந்தால் அது கழிக்கப்பட்ட சிலிண்டர். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

'10 விழுக்காடு கூடுதலாக நிரப்பலாம்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை கூட்டல் குறி பெற்ற லோ பிரஷர் ஸ்டீலுக்கு உரியது. ஹை பிரஷர் ஸ்டீலுக்கு இல்லை.

படி 2: வால்வு

3500 என்றிருக்கும் பழைய சிலிண்டர்களில் கழுத்து சிறியது. வால்வுக்குள் திருகிப் பொருத்தும் 'டின்' வகை ரெகுலேட்டர் (மூச்சுவிட உதவும் கருவி)தான் பொருந்தும், மாற்று வால்வு கிடைப்பதும் கடினம். புதிதாகத் தொடங்குபவருக்கு 3442 வகையே நல்லது. அதன் கழுத்து அலுமினியம் 80-இல் உள்ள அதே முக்கால் அங்குல அளவு. வால்வைக் கவ்விப் பிடிக்கும் 'யோக்', திருகும் 'டின்' இரண்டுக்கும் வால்வு கிடைக்கும்.

படி 3: அடிப்பகுதி

அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். நான் முதலில் பார்க்கப்போன சிலிண்டர் வெளியே பளபளவென்று இருந்தது. உறையை இழுத்ததும் ஈரமான உப்பும் பழுப்புத் தூளும் கொட்டின. உறை இருந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய், உலோகத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளங்கள் விழுந்திருந்தன. பல ஆண்டுகளாக உறையைக் கழற்றியதே இல்லை என்றார் உரிமையாளர். வாங்காமல் திரும்பிவிட்டேன். புதிதாகப் பெயின்ட் அடித்த சிலிண்டரையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

படி 4: உள்ளே

உண்மையில் நீங்கள் வாங்குவது இந்த உட்புறத்தைத்தான். வால்வை நீங்களே கழற்றாதீர்கள்; உள்ளே சிறிது அழுத்தம் மிஞ்சியிருந்தாலும் உயிருக்கே ஆபத்து. டைவ் கடையில் முழுவதும் காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கிறக்கிக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மெல்லிய செம்பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். குழி விழுந்திருந்தாலோ செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ விட்டுவிடுங்கள்.

நீண்ட நாள் கிடந்த சிலிண்டரில் இருக்கும் காற்றைச் சுவாசித்துப் பார்க்கவே கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அழுத்தமானி அழுத்தம் இருப்பதாகக் காட்டினாலும், உள்ளே இருப்பது மனிதனை மயங்கவைக்கும் காற்றாக இருக்கலாம். மணமோ நிறமோ எச்சரிக்காது. வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

படி 5: விலை

ஹைட்ரோ தேதி கடந்திருந்தால் சோதனைக் கட்டணத்தைக் கழித்துப் பேசுங்கள். தேறினால்தான் பணம் என்ற ஒப்பந்தம் இன்னும் நல்லது. நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ஆண்டுதோறும் உட்புறத்தைப் பார்வையிட்டு ஒட்டும் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் கடைகள் நிரப்ப மறுக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் தருவதற்கு முன் நீங்கள் வழக்கமாகக் காற்று நிரப்பும் கடைக்கு ஒரு போன் செய்து, 3442 வரை நிரப்புவார்களா என்று கேளுங்கள். 3000-இல் நிறுத்திவிடுவார்கள் என்றால், 100 கன அடி சிலிண்டரில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 87 கன அடிதான்.