மார்த்தா ஸ்டூவர்ட் வழியில் மூன்று வீட்டு வேலைகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மார்த்தா ஸ்டூவர்ட், சமையலையும் வீட்டு வேலைகளையும் சொல்லித்தந்தே பெயர் வாங்கிய அமெரிக்கர். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது பத்திரிகை அட்டையில் மின்னும் விருந்து மேசைதான். அதைப் பார்த்ததுமே "இதெல்லாம் நமக்கு ஆகிற வேலையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த மேசையால் அல்ல, அவர் சொல்லித்தரும் விதத்தால். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்பார். ஏன் என்பதையும் சேர்த்தே சொல்வார். காரணம் புரிந்துவிட்டால் கை தானாகச் சரியாகப் போகிறது.

அவரும் இந்த வேலைகளில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர் இல்லை. 1941-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர்; நட்லி என்ற ஊரில், போலந்து வம்சாவளிக் குடும்பத்தில், ஆறு பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தார். சமையலும் தையலும் அம்மாவிடம், தோட்ட வேலை அப்பாவிடம். வளர்ந்தபின் பங்குத் தரகராக வேலை பார்த்தார். அப்புறம் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் 1805-ல் கட்டிய ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி, கணவரோடு சேர்ந்து தாமே செப்பனிட்டார். 1976-ல் விருந்துச் சமையல் தொழிலைத் தொடங்கினார். முதல் புத்தகம் 1982-ல், அவர் பெயரிலேயே பத்திரிகை 1990-ல்.

நானும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். சிறிய அபார்ட்மென்ட், சிறிய சமையலறை. அவர் காட்டிய வேலைகளில் முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்றவை என்று எனக்குப் படும் மூன்றை இங்கே எழுதுகிறேன். அளவுகள் என் வீட்டில் நான் பயன்படுத்துபவை. கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ரொட்டியில் மாளிகை கட்டுவது போன்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் கை பழகட்டும்.

எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்டை மடிப்பது

செலவில்லாத வேலை, அதனால் இதில் தொடங்கலாம். மெத்தையின் நான்கு மூலைகளிலும் மாட்டும் விரிப்பைத் துவைத்து எடுத்ததும் சுருட்டி அலமாரியில் திணிப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டால் அது சாதாரணப் போர்வை மாதிரி மடிந்துவிடும்.

1. விரிப்பின் உட்புறம் வெளியே தெரியும்படி பிடித்து, அகலவாட்டில் அடுத்தடுத்து உள்ள இரண்டு மூலைகளுக்குள் இரண்டு கைகளையும் விடுங்கள்.

2. வலது கையை இடது கையிடம் கொண்டுவந்து, வலது மூலையை இடது மூலையின் மேல் கவிழ்த்து மூடுங்கள். இப்போது ஒன்றுக்குள் ஒன்று இருக்கும்.

3. முன்னால் தொங்கும் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே போனால் மூன்றாவது மூலை கிடைக்கும். அதையும் இவற்றின் மேல் மூடுங்கள். நான்காவதும் அப்படியே.

4. கட்டிலில் போட்டு நீவிவிடுங்கள். எலாஸ்டிக் இருக்கும் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்தால் நேரான செவ்வகம் வரும். பிறகு உங்கள் அலமாரியின் அகலத்துக்கு ஏற்ப மூன்றாக மடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மூலையில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். ஓரத்தை விட்டுக் கையை எடுக்காமல் தடவிக்கொண்டே போவதுதான் வழி.

காய்கறிச் சாயத்தில் முட்டை

அமெரிக்காவில் ஈஸ்டர் சமயத்தில் முட்டைக்குச் சாயமேற்ற மாத்திரை வடிவில் செயற்கை நிறங்கள் விற்கும். மார்த்தா பல ஆண்டுகளாகக் காட்டிவருவது அடுப்படியில் இருப்பதை வைத்தே சாயம் காய்ச்சும் முறை. அவருடைய முன்னோரின் போலந்திலும் வெங்காயத் தோலைப் போட்டு முட்டையை வேகவைத்து நிறமேற்றுவது பழைய ஈஸ்டர் வழக்கம். கடை நிறங்களில் கிடைக்காத ஓர் ஆழம் இந்த நிறங்களில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

வெள்ளை ஓட்டு முட்டையாக ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக வேகவைத்து ஆறவிடுங்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். இவற்றோடு சேர்க்க:

நீலத்துக்கு, நறுக்கிய ஊதா முட்டைகோஸ் 4 கப்.
மஞ்சளுக்கு, மஞ்சள்தூள் 3 மேசைக்கரண்டி.
ஆரஞ்சிலிருந்து செம்பழுப்புவரை, பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல் 4 கப். இதைச் சில நாட்கள் முன்பிருந்தே சேர்த்துவையுங்கள்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். வடிகட்டி, நன்றாக ஆறியபின் முட்டைகளை மெதுவாக இறக்குங்கள். அரை மணி நேரத்தில் வெளிர் நிறம் வரும். அடர்த்தி வேண்டுமென்றால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

முட்டைகோஸ் சாயம் முதலில் உங்களைக் குழப்பும். பாத்திரத்தில் இருப்பது ஊதா. வினிகர் சேர்ந்ததும் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். முட்டையை எடுத்தால் நீலம்! முட்டைகோஸில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அது தன்மேல் படும் புளிப்பை முறித்துவிடுவதால் ஓட்டில் நீலம் படிகிறது. வினிகரின் வேலை ஓட்டின் மேல்தளத்தைச் சற்றுக் கரகரப்பாக்கிச் சாயத்தைப் பிடிக்க வைப்பது. அதிகம் ஊற்றினால் ஓடே அரிக்கத் தொடங்கும், அளவோடு நிறுத்துங்கள்.

பச்சை வேண்டுமா? முதலில் மஞ்சளில் ஊறவைத்து, பிறகு முட்டைகோஸ் சாயத்தில் போடுங்கள்.

இலைப் பதிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கொத்தமல்லி இலையை ஈரத்தோடு முட்டைமேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் விடுங்கள். முடிச்சை அவிழ்த்து இலையை உரித்தால், இலையின் பல் பல்லான ஓரம்கூட வெள்ளையாகத் தெரியும். வெங்காயத் தோல் சாயத்தில் இது மிக அழகாக வருகிறது.

வெளியே எடுத்த முட்டையைத் துணியால் தேய்க்கக் கூடாது, ஈரச் சாயம் கையோடு வந்துவிடும். கம்பி அடுக்கில் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும். சாப்பிடப்போகும் முட்டை என்றால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

ஆப்பிள் பை

பை (pie) என்பது மாவு ஓட்டுக்குள் பழத்தை நிரப்பி ஓவனில் வேகவைக்கும் பண்டம். இந்த மூன்றில் இதுதான் பெரிய வேலை. மார்த்தா தம் பைகளுக்கெல்லாம் அடிப்படையாக வைத்திருப்பது பிரெஞ்சுக்காரர்களின் பாட் பிரிசே என்ற வெண்ணெய் மாவு. மாவு, உப்பு, சர்க்கரை, வெண்ணெய், தண்ணீர், அவ்வளவுதான். சப்பாத்திக்கு நாம் அழுத்தி அழுத்திப் பிசைந்து பழகியவர்கள். இங்கே அந்தப் பழக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பிசையப் பிசைய மாவில் பசைத்தன்மை கூடி, வெந்ததும் ஓடு தோல் மாதிரி இழுக்கும். நமக்கு வேண்டியது பொலபொலவென்று அடுக்கடுக்காக உடைவது.

9 அங்குலத் தட்டுக்கு, அடியும் மேலும் மூட:

மைதா இரண்டரை கப், ஏறக்குறைய 310 கிராம்
உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி
உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம்
ஐஸ் தண்ணீர் கால் கப்பிலிருந்து அரை கப்வரை

வெண்ணெயைச் சிறு சதுரங்களாக வெட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். மைதாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் உள்ளே வைத்துவிடுவேன். உப்பு வெண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்றால் மாவில் உப்பு சேர்க்க வேண்டாம்.

மைதா, உப்பு, சர்க்கரையைக் கலந்து வெண்ணெயைப் போடுங்கள். ஃபுட் பிராசஸர் இருந்தால் விட்டுவிட்டுச் சில நொடிகள் ஓட்டினால் போதும். இல்லையென்றால் விரல் நுனியால் உதிருங்கள். உள்ளங்கை படக்கூடாது, அங்கேதான் சூடு அதிகம். பெரும்பகுதி ரவை போலவும், நடுநடுவே பட்டாணி அளவுக்கு வெண்ணெய்த் துண்டுகளும் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்து "இன்னும் கலக்கவில்லையே" என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். ஓவன் சூட்டில் வெண்ணெய் உருகி, அதிலிருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும். அதுதான் அடுக்கு. முன்பே உருகிய வெண்ணெயால் அது முடியாது, அது மாவோடு கலந்து போயிருக்கும்.

இப்போது ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து முள்கரண்டியால் கிளறுங்கள். பதம் நமக்குத் தெரிந்ததுதான்: புட்டு மாவு மாதிரி, பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் தூளாகிவிடக் கூடாது. மொத்தத்தையும் ஒன்றாகத் திரட்டி இரண்டாகப் பிரித்து, தடித்த வட்டமாகத் தட்டி, கிளிங் ராப்பில் சுற்றி ஃபிரிட்ஜில் குறைந்தது 1 மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வெண்ணெய் மறுபடி இறுகுவதும் மாவின் இழுவை தளர்வதும் இதில்தான். அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும், ஓவனிலும் ஓரம் கீழே இறங்கிவிடும்.

அதற்குள் உள்ளடக்கம். புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிள், கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் போல, ஒன்றேகால் கிலோ. தோல் சீவி, கால் அங்குலத் துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, சர்க்கரை அரை கப், மைதா 3 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துப் புரட்டுங்கள். இனிப்பு ஆப்பிளாக இருந்தால் சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டலாம்.

மேடையில் மாவு தூவி ஒரு வட்டத்தை எடுத்துத் தேயுங்கள். நம் சப்பாத்திக் கட்டையே போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தடவை தேய்த்ததும் மாவைக் கால்வட்டம் திருப்புங்கள். அடியில் ஒட்டுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். 12 அங்குல அகலம் வந்ததும் குனிந்து பாருங்கள். பளிங்குக் கல்லில் ஓடும் கீற்றுகள் போல வெளிர் மஞ்சள் திட்டுகள் நீண்டு தெரிந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். எந்தக் கட்டத்திலும் மாவு பிசுபிசுத்தால் அப்படியே ஒரு தட்டில் வைத்து 10 நிமிடம் ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். மேலே மேலே மைதா தூவிச் சமாளிக்க வேண்டாம். சென்னை, மதுரை வெயிலில் செய்பவர்கள் விடியற்காலையில் மாவு கலந்துவிடுவது நல்லது. 30 டிகிரியைத் தாண்டிய அறையில் வெண்ணெய் வெட்டி முடிப்பதற்குள் இளகத் தொடங்கிவிடும்.

மாவைக் கட்டையில் சுற்றி எடுத்துத் தட்டில் விரியுங்கள். இழுத்துப் பொருத்தாமல், ஓரத்தைத் தூக்கி மூலைக்குள் இறங்கவிடுங்கள். ஆப்பிளை நடுவில் குவித்து நிரப்பி, மேலே சின்னச் சின்னதாக ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். இரண்டாவது வட்டத்தைத் தேய்த்து மூடி, ஓரங்களைச் சேர்த்து உள்ளே மடித்து, விரலால் நெளி நெளியாக அழுத்துங்கள். நம் வீட்டில் சோமாசி ஓரம் மடிக்கத் தெரிந்தவர் இருந்தால் இந்த இடத்தை அவரிடமே கொடுத்துவிடலாம். ஆவி போக நான்கைந்து கீறல்கள் போட்டு, அடித்த முட்டையை மேலே தடவி, சர்க்கரை தூவி, மறுபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடாக்கி, கீழ்த்தட்டில் ஒரு பேக்கிங் தட்டையும் அதோடு சேர்த்தே சூடேற்றுங்கள். அந்தத் தட்டின் மேல் பையை வைத்தால் அடி சீக்கிரம் வேகும், வழியும் சாறும் ஓவனில் சிந்தாது. 20 நிமிடம் கழித்து 180 டிகிரிக்குக் குறைத்து, இன்னும் 40 முதல் 50 நிமிடம். நேரத்தைவிடக் கீறல்களைக் கவனியுங்கள். அங்கே சாறு கொழகொழவென்று குமிழி விட வேண்டும். உள்ளே கலந்த மைதா வெந்து சாற்றை இறுக்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மேற்புறம் முன்பே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். கண்ணாடித் தட்டில் செய்தால் அடிப்பாகம் பொன்னிறமாகியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம், அதனால் தொடங்குபவர்களுக்குக் கண்ணாடித் தட்டைத்தான் சொல்வேன். ஆனால் குளிர்ந்த கண்ணாடியைச் சூடான தட்டின் மேல் வைத்தால் விரிசல் விடக்கூடும். கண்ணாடி என்றால் பேக்கிங் தட்டைச் சூடேற்றாமல் பையோடு சேர்த்தே உள்ளே வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சற்று நேரம் வெளியே வைத்துச் சில்லிப்புப் போகவிடுவதும் அவசியம்.

வெளியே எடுத்து 3 மணி நேரமாவது ஆறவேண்டும். சூட்டோடு வெட்டினால் சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிடும். மறுநாள் காலை காபியோடு இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஓரம் வெட்டிய மாவுத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி, அதே ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால், பை ஆறும்வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஆகும். மாவை இரண்டு மடங்காகச் செய்து ஒரு பங்கைச் சுற்றி ஃபிரீசரில் போட்டால் ஒரு மாதம்வரை தாங்கும். முந்தின நாள் இரவு ஃபிரிட்ஜுக்கு மாற்றி இளகவைத்துத் தேய்த்துக்கொள்ளலாம்.