மலை இறங்கிய பிறகும் மூன்று ரொட்டி: நடுவயதில் இதயத்துக்குச் செய்யும் தவறுகள்

எங்கள் மாமா இருபத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், செடியை வெட்டிவிடும் வேலை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், செங்குத்தான மலை. காலையில் மூன்று ரொட்டி, கட்டச்சம்பல், பெரிய கோப்பை நிறைய சீனி போட்ட சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி. பத்து மணிக்குள் அவ்வளவும் கரைந்துவிடும். நாற்பத்தாறு வயதில் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஓட்டோ வாங்கினார். மலை ஏறுவது அன்றோடு சரி. ரொட்டி மட்டும் மூன்றாகவே இருந்தது. நான்கு வருஷத்தில் வயிறு முன்னால் வந்தபோது, "மாமா இப்பதான் நல்லாத் தேறியிருக்காரு" என்று லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். ஐம்பத்திரண்டில் பிரஷர், சுகர் இரண்டையும் ஒரே நாளில் கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள்.

இது மாமா கதை மட்டுமில்லை. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவர், கங்காணியானவர், சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருப்பவர் என்று லயத்துக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். "அந்தக் காலத்துல ஏறாத மலையா? அந்த உடம்பு தாங்கும்" என்பார்கள். முதல் தவறு இதுதான். சேமலாப நிதி மாதிரி உழைப்பை இதயத்தில் போட்டுவைத்து வயதான பிறகு எடுக்க முடியாது.

இதயத்தின் இடது கீழறை, ரப்பர் பை போல நன்றாக விரிந்து இரத்தத்தை வாங்கி, பிறகு உடம்புக்குத் தள்ள வேண்டும். உடம்பை அசைக்காமல் இருந்தால் நடுவயதிலேயே அந்தத் தசை விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த இதயம் எழுபதில் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்க வைக்கும். அமெரிக்காவின் டாலஸ் நகரில் பென்ஜமின் லெவின் என்ற மருத்துவரின் குழு, உட்கார்ந்தே பழகிய 45 முதல் 64 வயதுக்காரர்களை இரண்டு வருஷம், வாரத்துக்கு நான்கைந்து நாள் உடற்பயிற்சி செய்ய வைத்தது. 2018இல் வந்த முடிவுப்படி, அவர்களுடைய இதயத்தின் விறைப்பு கால்பங்கு அளவு குறைந்திருந்தது. இதே குழு அதற்கு முன்னால் 65ஐத் தாண்டியவர்களிடம் ஒரு வருஷம் முயன்றபோது தசை இளகவில்லை. அதற்காக அறுபதுக்கு மேல் நடப்பது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷரும் சுகரும் இறங்கும், காலும் பலப்படும். ஆனால் தசையை இளக்குவதற்கு நல்ல காலம், நாம் ஓட்டோவிலும் கடை மேசையிலும் உட்கார்ந்திருக்கும் அந்த வருஷங்கள்தான்.

இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். நாள் முழுக்க நிரையில் நின்று கொழுந்து எடுத்தால் முதுகும் காலும் அலுத்துப்போகும். ஆனால் அலுப்பு வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு. வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் கோயில் மேட்டுக்கு ஏறி இறங்கினாலே அது ஆகிவிடும்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் நாங்கள் அதிகம் சறுக்குகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மாவு பிசையும்போது, வழக்கம்போல் கையால் அள்ளிப் போடவிருந்த உப்பை வாங்கித் தேக்கரண்டியில் அளந்து பார்த்தேன். ரொட்டி மாவுக்கு ஒன்று. சம்பலுக்கு முக்கால். பருப்புக்கு ஒன்று. ஒரு கரண்டி ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்தால், நான்கு பேருக்குப் பங்கு போட்டபோது ஆளுக்கு மூன்றரை கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் குறைவாகத்தான். நாங்கள் ஒரே வேளையில், அதுவும் கருவாடு இல்லாத நாளில், முக்கால்வாசியை முடித்துவிட்டோம்.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கிறது. இது வலிக்காது. பதினைந்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் நடக்கும். அன்றிலிருந்து அத்தை ரொட்டி மாவுக்கு உப்பே போடுவதில்லை, சம்பலில் இருப்பது போதும் என்று விட்டுவிட்டார். மாமா இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

சீனியையும் கணக்குப் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஐந்து சாயத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 40 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறார்கள். நல்ல தூளைக் கப்பலேற்றிவிட்டு மிஞ்சியதில் சீனியைக் கொட்டிக் குடிக்கிறவர்கள் நாங்கள். சாயம் நன்றாக இருந்தால் சீனி கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ. கடையில் சோடா வாங்கினால் போத்தலில் உள்ள நிறப் புள்ளியைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி.

தேங்காயைப் பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. சம்பலில் விழும் ஒரு பிடித் தேங்காய்ப்பூவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தினமும் கட்டிப்பாலில் கறி, திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் பொரித்த வடை, அதுதான் பிரச்சினை. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. பாம் எண்ணெயில் பாதி.

நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் லொறி லொறியாக இறங்கிப் போகின்றன. லயத்துச் சட்டியில் மட்டும் பருப்பும் உருளைக்கிழங்கும். விலையும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போட்ட கோவாவைக்கூட யாவாரிக்குக் கொடுத்துவிட்டுப் பாண் வாங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்பது இன்னொரு தவறு. எங்கள் தோட்டங்களில் எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர். அப்படிப் பிறந்தவர்களுக்கு வளர்ந்த பிறகு இதய நோய் வரும் ஆபத்து கூட என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் பழைய பிறப்புப் பதிவுகளை வைத்துக் காட்டினார். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருந்தால் நம்ப வேண்டாம். தையல்காரரின் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றுங்கள்; ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. 52 நாடுகளைச் சேர்த்து நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கு அதைவிட ஐந்தாறு வருஷம் கழித்து.

வெற்றிலை, பீடி, சாராயம் பற்றி எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. இரண்டு விஷயம் மட்டும். "நான் புகைக்கிறதில்ல, வெத்தில மட்டுந்தான்" என்பவரின் வாயில் புகையிலைத் துண்டு இருந்தால் அதிலும் நிக்கொட்டின் இருக்கிறது. நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறும். அப்புறம், "குளிருக்கு ஒரு கிளாஸ்" என்ற கதை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாதத்தில் பனி கொட்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் தானாகவே ஏறும். சாராயம் தோலுக்கு இரத்தத்தைத் தள்ளிச் சூடு வந்தது போலக் காட்டும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். கம்பளிச் சட்டை மலிவு.

மாத்திரை விஷயத்தில் மாமாவோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். மூன்று மாதம் போட்டார், கிளினிக்கில் 130க்கு 80 என்று கொப்பியில் எழுதினார்கள், மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார். "இறங்கிருச்சுல்ல தம்பி, இனி எதுக்கு?" இறங்கினதே மாத்திரையால்தான் மாமா என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. கிளினிக் நாளில் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போகும், ஓட்டோ ஹயர் போகும் என்பது உண்மைதான். ஆனால் மருந்து இலவசம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறைக் கிளினிக்கில் பரிசோதனையும் இலவசம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கி மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவரும் ஆய்வொன்று உண்டு. ஐம்பது வயதில் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல், புகை என எல்லாம் சரியாக இருந்த ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் மீதி ஆயுளில் இதய, இரத்தக்குழாய் நோய் வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேல் கெட்டிருந்த ஆண்களில் 69 பேருக்கு. பெண்களில் இது 8 பேரும் 50 பேரும்.

பெண்கள் என்றதும் கடைசித் தவறு நினைவுக்கு வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து வேகமாக ஏறுகிறது. ஆனால் அவர்களுக்கு வரும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது போல இருக்காது. மேல்வயிற்றில் எரிவு, தாடையில் வலி, காரணமில்லாத களைப்பு, மூச்சு முட்டல். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். நாங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "கேஸ்", வாயுத் தொல்லை.

போன மார்கழியில் பக்கத்து லயத்து அக்காவுக்கு இரவு பதினொரு மணிக்கு அப்படித்தான் "கேஸ்" வந்தது. நெஞ்சை அடைக்கிறது, வியர்க்கிறது என்றார். மார்கழிக் குளிரில் வியர்வை! ஓமத் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஓமத்த அப்புறம் குடிக்கலாம், புள்ள, ஏறு" என்று ஓட்டோவைத் திருப்பினார். நான் அம்புலன்ஸ் சேவையின் 1990 எண்ணுக்கு அடித்தேன். தோட்டத்து ரோட்டில் அம்புலன்ஸ் மேலே வர முடியாது என்பதால் சந்திக்கு இறக்கிக்கொண்டு வருகிறோம் என்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள்.

அக்கா இப்போது அத்தையோடு கோயில் மேட்டுக்கு நடக்கிறார். மாமாவும் போகிறார், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. ரொட்டி ஒன்றரையாகியிருக்கிறது. இரண்டாவதில் மீதிப் பாதியைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.