ஃபான்ட் பெயரில் 55, 67 என்று இருந்தால்

சுவிட்சர்லாந்தின் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 1957-இல் வெளியான தன் யூனிவர்ஸ் எழுத்துருவின் 21 வகைகளுக்கும் பெயருக்குப் பதில் ஈரிலக்க எண் கொடுத்தார். முதல் இலக்கம் தடிமன்: 3 மிக மெல்லியது, 8 மிகத் தடித்தது. இரண்டாவது இலக்கம் அகலமும் சாய்வும்: 3 அகன்றது, 5 இயல்பு, 7 ஒடுங்கியது, 9 இன்னும் ஒடுங்கியது. இரட்டைப்படை என்றால் சாய்ந்த எழுத்து. ஆக 55 இயல்பானது, 56 அதன் சாய்வு, 67 தடித்து ஒடுங்கியது. பட்டியலைத் திறந்ததும் முதலில் 55-ஐத் தேடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்கு.

ஹெல்வெட்டிகா நியூ என்ற எழுத்துருவும் (1983) இதே முறையைப் பின்பற்றுகிறது. இங்கேதான் பலர் வழுக்குவார்கள். யூனிவர்ஸில் 65 என்றாலே போல்டு. ஹெல்வெட்டிகா நியூவில் 65 வெறும் மீடியம், போல்டு வேண்டுமானால் 75. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் தலைப்பு சோகையாகத் தெரியும். யூனிவர்ஸைத் திருத்தி 1997-இல் வந்த லைனோடைப் யூனிவர்ஸில் எண் மூன்று இலக்கம்: தடிமன், அகலம், சாய்வு. அதில் இயல்பானது 430, அதன் சாய்வு 431.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இந்த எண்களை அப்படியே போடாதீர்கள். அங்கே தடிமனுக்கான அளவுகோல் 1 முதல் 1000 வரை. 55 என்று எழுதினால் பிழை காட்டாது. இருப்பதிலேயே மெல்லிய எழுத்தைத்தான் எடுக்கும். இயல்புக்கு 400, போல்டுக்கு 700.