அவன் ஏன் அடிக்கிறான்? சாக்கு வேறு, காரணம் வேறு

ஒரு வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்ததும் நாம் முதலில் கேட்பது "என்ன நடந்துச்சு?" என்றுதான். பதிலும் தயாராக இருக்கும்: சாம்பாரில் உப்பு இல்லை, போனை எடுக்கவில்லை, மாமியாரை எதிர்த்துப் பேசினாள், அவர் கொஞ்சம் போட்டிருந்தார். இதெல்லாம் அன்றைக்குக் கிடைத்த சாக்கு. உப்பு சரியாக இருந்தால் நாளைக்கு வேறொன்று கிடைக்கும். காரணம் தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரு நாள் சண்டையை விட்டுவிட்டு, சில மாதங்களாக நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதலில் குடி, ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன்மார்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவிகளில் அது 23 சதவீதம். முதல் எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் உறுத்துகிறது, ஒரு சொட்டு தொடாதவன் வீட்டிலும் கிட்டத்தட்ட நாலில் ஒருத்தி என்றால் டாஸ்மாக்கை மூடினாலும் மிச்சம் இருக்கும் கணக்கு இது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி: போதையில் வேறு யாரையெல்லாம் அடித்தான்? வழியில் வண்டியை மறித்த போலீஸ்காரரிடம் "சார், சார்" என்று குழைந்து, தெருமுனையில் கடன் கொடுத்தவரைப் பார்த்ததும் குரலை இறக்கி, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, ரவிக்கை மறைக்கிற இடமாகப் பார்த்துக் கைவைக்கிறான் என்றால், அவனுக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கோபக்காரன், வேலை போன வருத்தம், கடன் நெருக்கடி என்று சொல்வதையும் இதே கேள்வியால் சோதியுங்கள். இவை நெருப்பைக் கூட்டும், சரி. ஆனால் வேலை போனவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை.

அடுத்து, அடி எப்போதெல்லாம் கூடியது என்று பாருங்கள். வெறும் தேதி போதும். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த மாதமா, கர்ப்பமாக இருந்தபோதா, தலைதீபாவளிச் சீர் குறைந்துபோன பிறகா, குழுக் கடன் பணத்தைக் கையில் தர மறுத்த வாரமா, "நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்று சொன்ன அன்றா? பல வீடுகளில் அவள் கொஞ்சம் தன் காலில் நிற்கப் பார்க்கும் நேரத்தில்தான் அடி கூடும். கூடவே ஏடிஎம் கார்டு யார் கையில், போன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், அம்மா வீட்டுக்குப் பேச அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடி என்பது அந்த வீட்டில் அதிகாரத்தைத் தக்கவைக்கும் கடைசி ஆயுதம் என்று புரியும். அடியே இல்லாமலும் இந்த அடக்கிவைப்பு நடக்கும்.

இந்த உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? அதே ஆய்வில், சொல்லாமல் வெளியே போவது, சரியாகச் சமைக்காதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று ஏழு சூழ்நிலைகளைச் சொல்லிக் கேட்டபோது, ஏதாவது ஒன்றில் கணவன் அடிப்பது நியாயம்தான் என்று 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள். பெண்களே கொஞ்சம் கூடுதலாக! அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களின் வீட்டில் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஆனால் அப்படி வளர்ந்தும் கை ஓங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் அதையும் மன்னிப்புச் சீட்டாகத் தர வேண்டாம்.

கடைசியாக, நாம். அடித்த மறுநாள் அவனுக்கு என்ன ஆனது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், "அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள், பிறந்த வீட்டில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்பார்கள். ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரிந்திருப்பதும் ஒரு காரணம்தான்.

இதையெல்லாம் அவளிடம் கேட்பதென்றால் தனியாகக் கேளுங்கள், அவனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் "ஒன்னுமில்லக்கா, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றுதான் வரும். "நீ என்ன சொன்னே?" என்று ஆரம்பிக்காதீர்கள். தேதிகளை அவள் போனில் எழுதி வைக்கச் சொல்லாதீர்கள்.

காரணம் முழுதும் புரிந்த பிறகுதான் உதவி என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, திட்டு, மிரட்டல், பாலியல் கொடுமை, பணத்தைப் பிடுங்குவது எல்லாவற்றையும் வன்முறை என்கிறது. விவாகரத்து கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம். பிரிந்து போக முடிவெடுக்கும் நாட்கள்தான் அதிக ஆபத்தானவை, அதனால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்களை முன்பே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், கிளம்பும் நாளை அவனிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.