துருக்கிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: விலைவாசியும் வாக்குச்சீட்டும்

இஸ்தான்புல்லுக்கு வந்த சில நாட்களிலேயே உங்கள் காதில் விழும் சொல் ‘ஸம்’, அதாவது விலையேற்றம். உணவக விலைப்பட்டியலில் பழைய விலையை மறைத்து ஒரு துண்டுத்தாள், அதன்மேல் இன்னொன்று என ஒட்டியிருந்தால், கடைக்காரரின் பேராசை என்று எண்ணிவிட வேண்டாம். அதன் வேர் தலைநகர் அங்காராவில் இருக்கிறது.

2001 வங்கி நெருக்கடியில் பழைய கட்சிகள் பெயரிழந்து நின்றபோது, இன்றைய அதிபர் எர்தோவானின் கட்சி 2002-இல் சுமார் 34 விழுக்காடு வாக்குகளுடனேயே நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது; 10 விழுக்காட்டுக்குக் குறைந்த கட்சிக்கு இடமில்லை என்ற விதி அதற்குக் கைகொடுத்தது. 2017 பொது வாக்கெடுப்புக்குப் பின் அதிகாரம் அதிபரிடம் குவிந்தது. 2021 மார்ச்சில் வட்டியை 19 விழுக்காடாக உயர்த்திய மத்திய வங்கி ஆளுநர் இரண்டே நாளில் அதிபரால் நீக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் வட்டிக் குறைப்பு தொடங்கியது. துருக்கி நாணயமான லிரா சரிந்து, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது.

இத்தனைக்குப் பிறகும் 2023 மே மாத அதிபர் தேர்தலில் எர்தோவான் 52 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றது எப்படி என்று புதிதாக வருபவர்கள் வியப்பார்கள். மலிவான கடன், உயர்த்திய குறைந்தபட்சக் கூலி, பல இலட்சம் பேருக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம், ஒரு மாத இலவச எரிவாயு ஆகியவை தேர்தலுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தன. அவற்றுக்கான செலவுக்கணக்கு பிறகுதான் வந்தது. ஊடகங்களில் பெரும்பகுதி அரசுக்கு அணுக்கமாக இருந்ததும் எதிர்க்கட்சிகளுக்குப் பாதகமாயிற்று. பணவீக்கத்தை அடக்க மீண்டும் உயர்த்தப்பட்ட வட்டி 2024 மார்ச்சில் 50 விழுக்காட்டை எட்டியது. அம்மாத இறுதியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியே முதலிடம் பெற்றது.

ஆகவே லிராவில் சம்பளம் பேசும்போது, ஆண்டு நடுவே ஜூலையிலும் சம்பள மறுபரிசீலனை உண்டா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழைய குடியிருப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில், பன்னிரண்டு மாதப் பணவீக்கச் சராசரியே வாடகை உயர்வுக்குச் சட்டப்படி உச்சவரம்பு. சேமிப்புக்குத் துருக்கியர் நம்மைப் போலவே தங்கத்தை நாடுவர். திருமணத்தில் அன்பளிப்பாகத் தரும் ‘செய்ரெக்’ காசு ஏறத்தாழ 1.75 கிராம், 22 காரட்.

தேநீர்க்கடையில் அரசியல் காரசாரமாக ஓடும், கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதிபரை அவமதித்தால் தண்டனைச் சட்டத்தின் 299-ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறை உண்டு, சமூக ஊடகப் பதிவும் அதில் அடங்கும். 2025 மார்ச்சில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த இஸ்தான்புல் மேயர் இமாமோலு கைதானபோது போராட்டக்காரர்களால் தெருக்கள் நிறைந்தன. அத்தகைய நாட்களில் வேலை முடிந்ததும் நேரே வீடு திரும்புங்கள், குடியிருப்பு அனுமதி அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.