சோலைக்கிளியை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி?

பெயரைக் கேட்டுப் பச்சைக் கிளியைத் தேடிப் போகாதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகவே சிறு பறவை. அந்தப் பொருளில் வந்த பெயர் இது. சுமார் 15 செ.மீ. நீளமுள்ள, சாம்பல் படர்ந்த நீலநிறப் பாடும் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் உள்ள சோலைகள் எனும் மலைக்காடுகளை விட்டால் இதற்கு உலகில் வேறு வீடு இல்லை.

படி 1: எந்த மலை என்று முடிவு செய்யுங்கள்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, கோத்தகிரியின் லாங்வுட் சோலை போன்ற இடங்களில் இருப்பது நீலகிரி சோலைக்கிளி. அதன் விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே கொடைக்கானல், மூணாறு பக்கம் இருப்பதற்கு விலாவும் நீலம், வயிறு வெள்ளை. குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத இந்தச் சிறு பறவைக்கு அந்தக் கணவாயின் சுமார் 30 கி.மீ. அகலத் தாழ்நிலம் கடல் மாதிரி. நீங்கள் நிற்கும் இடமே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். இவற்றுக்கென்று சோலிகோலா என்ற தனிப் பேரினம் 2017இல்தான் கிடைத்தது.

படி 2: வனத்துறை அனுமதி, அட்டைக்கடிக்கு நீண்ட காலுறை

இவ்வளவுதான்.

படி 3: நடக்காதீர்கள்

நான் தவறியது இங்கேதான். மூன்று நாள் காலையும் மாலையும் சோலைப் பாதையில் நடந்து, ஆடும் இலைகளை மட்டுமே பார்த்தேன். நான்காம் நாள், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்து உட்கார்ந்தபோது ஆறடி தூரத்தில் வந்து நின்றது. அடிக்காட்டின் இருட்டில் தரையோடு தத்தி, சருகுக்குள் பூச்சி பொறுக்கும் பறவை இது. நம் காலடி ஓசை கேட்டால் புதருக்குள் போய்விடும். விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும் பாதையின் ஓரத்தில் அசையாமல் உட்காருங்கள். அப்போதுதான் அது திறந்த இடத்துக்கு வரும்.

படி 4: சரிபாருங்கள்

நீலமாக இருந்தும் மரக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது நீலகிரி ஈப்பிடிப்பான். தொண்டையும் மார்பும் ஆரஞ்சு நிறம் என்றால் குளிர்கால விருந்தாளியான இந்திய நீலச்சிட்டு.

கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம்; எதிரி புகுந்துவிட்டது என்று நம்பி முட்டைகளை விட்டு ஓடிவரும்.